'யுவர் வார்டு' ஆப்சென்ட்!

போன நவம்பரில் ஒரு நாள். காலை பத்தேகால் மணி. என் மகள் 102 டிகிரி காய்ச்சலோடு பக்கத்தில் சுருண்டு படுத்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணி. அதை மாற்றிக்கொண்டிருந்தபோது செல்போன் 'டிங்' என்றது. பள்ளிக்கூடத்திலிருந்து மெசேஜ்.

'டியர் பேரன்ட், யுவர் வார்டு ஈஸ் ஆப்சென்ட் டுடே.'

எங்கள் தாம்பரம் மாநகராட்சியில் மொத்தம் 70 வார்டுகள். என் மகள் 71-வது வார்டு போலிருக்கிறது!

அன்று காலை ஏழு மணிக்கே பள்ளியின் 'ஆப்'புக்குள் போய், 'லீவ்' என்ற கட்டத்தைத் தட்டி, காரணம் என்ற இடத்தில் 'காய்ச்சல்' என்று எழுதி, பச்சை டிக் விழுந்ததையும் பார்த்துவிட்டேன். அப்புறமும் இந்த மெசேஜ். கடுப்பாகி, 'காலையிலேயே சொன்னேனே' என்று பதில் தட்டினேன். போகவில்லை. அது பதில் அனுப்ப முடியாத எண். அலுவலகத்துக்கு போன் போட்டேன். "அது சிஸ்டம் தானா அனுப்புறது சார். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் ஒரு பெண். பாவம், அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

சாயந்திரத்துக்குள் இன்னும் மூன்று மெசேஜ் வந்தன. ஒன்று, இரண்டாவது டேர்ம் ஃபீஸ் நினைவூட்டல். இன்னொன்று, குழந்தைகள் தின விழா போட்டோக்கள். மூன்றாவது, 'எங்கள் ஆப்புக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

ஒரே நாளில் நாலு செய்தி. 'குழந்தைக்கு இப்ப எப்படி இருக்கு?' என்று ஒன்றுகூட இல்லை.

இது ஏதோ என் வீட்டுப் பிரச்னை என்று நினைத்துவிடாதீர்கள். பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் விசாரியுங்கள். செல்போனில் குறைந்தது ஒரு ஸ்கூல் ஆப், இரண்டு வாட்ஸ்அப் குழு இருக்கும். 'பெற்றோரோடு எப்போதும் இணைந்திருக்கிறோம்' என்று ஜி.எஸ்.டி. ரோடு நெடுகப் பள்ளிக்கூட விளம்பரப் பலகைகள். இணைந்துதான் இருக்கிறோமா? அதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம் என்று.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. நான் படித்தது பி.காம். மூன்று வருடப் படிப்பில் மண்டையில் தங்கியது ஒன்றே ஒன்றுதான்: இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதி வைத்தால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை, துண்டுச் சீட்டு. பள்ளிக்கூடங்கள் வாங்கிக் குவித்திருக்கிற தொழில்நுட்பத்தில் எனக்குத் தெரிகிற கோளாறும் இதுதான். ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறார்கள்.

*

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சில விஷயங்களுக்கு ஒரு பக்கமே போதும்.

மழை லீவையே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பர் ராத்திரிகளில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கலெக்டரின் அறிவிப்புக்காகக் காத்திருப்பதுபோல் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்கள். அதிலும் தாம்பரத்துப் பிள்ளைகளின் சோகம் தனி. நாங்கள் செங்கல்பட்டு மாவட்டம். அடுத்த வீட்டு மாதிரி இருக்கிற நங்கநல்லூர் சென்னை மாவட்டம். ஒரே மேகம், ஒரே மழை. சென்னைக்கு மட்டும் லீவு என்று அறிவிப்பு வந்தால் நங்கநல்லூர்ப் பையன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வான், பல்லாவரத்துப் பையன் ரெயின்கோட்டைத் தேடுவான்.

இந்த அறிவிப்பு முன்பு ரேடியோவில் வந்தது, பிறகு டி.வி.யில் எழுத்தாக ஓடியது, இப்போது செல்போனுக்கே வந்துவிடுகிறது. நல்ல முன்னேற்றம். காலை ஆறரைக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, தண்ணீரில் நடந்து கேட் வரை போய்த் திரும்பிவந்த தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். 'நாளை பள்ளி கிடையாது' என்பதற்கு நாம் பதில் சொல்ல ஒன்றுமில்லை. கோயில் திருவிழா ஒலிபெருக்கி மாதிரி. கேட்டுக்கொண்டால் போதும்.

சிக்கல் எங்கே என்றால், எல்லாவற்றுக்கும் அந்த ஒலிபெருக்கியையே வைத்துக்கொண்டு, அதற்கு டெலிபோன் என்று பெயர் சூட்டியிருப்பதில்தான்.

*

பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே நம்மூரில் தொடர்பு இல்லாமல் இருந்ததா என்ன?

1950களின் கடைசியில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஒரு இயக்கமே நடந்தது. 1958-ல் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில், கடம்பத்தூரில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. பள்ளிக்கூடத்துக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊர்க்காரர்கள் முன் வைப்பார்கள். ஊர் கொடுக்கும். ஒருவர் நிலம் தருவார், ஒருவர் பெஞ்சு செய்து தருவார், ஒருவர் கடிகாரம் வாங்கி மாட்டுவார். கொடுத்தவனுக்குப் பள்ளிக்கூடத்துக்குள் வரவும் கேட்கவும் ஓர் உரிமை வந்துவிடும். 'நான் குடுத்த பெஞ்சு என்னாச்சு?' என்று கேட்பான். வாத்தியார் பதில் சொல்லியே ஆகவேண்டும். மின்சாரமே எட்டிப்பார்க்காத கிராமத்துப் பள்ளிகளில்கூட இது நடந்தது.

அப்புறம் டைரி. பழுப்பு அட்டை போட்ட பள்ளி டைரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதில் 'ஆசிரியர் குறிப்பு' என்று ஒரு பத்தி, பக்கத்திலேயே 'பெற்றோர் குறிப்பு' என்று இன்னொரு பத்தி. முக்கால்வாசி வீடுகளில் அந்த இரண்டாவது பத்தி வெறும் கையெழுத்தோடு நின்றுவிடும் என்பது வேறு விஷயம். (சிலர் வீட்டில் அந்தக் கையெழுத்தும் அப்பாவுடையதில்லை என்பது இன்னும் வேறு விஷயம்!) ஆனால் இடம் இருந்தது. அப்பா எழுத நினைத்தால் எழுதலாம். எழுதினால் வாத்தியார் கண்ணில் பட்டே தீரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டைரியைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் போனது பிள்ளை. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வழியிலேயே பிரித்துப் படித்துவிடும். வீட்டுக்குள் நுழையுமுன் தன் தரப்பு நியாயத்தையும் தயார் செய்துவிடும். இப்போது தபால்காரரை நீக்கிவிட்டோம். பள்ளிக்கூடம் பிள்ளையின் தலைக்கு மேலாக நம்மிடம் பேசுகிறது. பிள்ளை வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதே நாம் மார்க்கைத் தெரிந்துகொண்டு முறைத்துக்கொண்டு நிற்கிறோம்.

*

தொழில்நுட்பம் பள்ளிக்குள் வந்த கதை நீளமானது. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்துப் பார்த்தது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பித்தது. நின்றுபோவதற்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 2018-ல் பாடப்புத்தகங்களில் க்யூ.ஆர். கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. 2023-ல் மணற்கேணி செயலி. 2024-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், 79,723 ஆசிரியர்களுக்குக் கைக்கணினி என்று திட்டம்.

இவற்றையெல்லாம் கேலி செய்ய எனக்கு மனசு வராது. முதன்முதலில் ஒரு லேப்டாப்பைத் திறந்த வீட்டின் சந்தோஷத்தைப் பார்த்திருக்கிறேன். தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளையும் அதே பாடத்தை வீடியோவில் பார்க்க முடிகிறது என்றால் அது நல்லதுதான்.

பெற்றோரை இணைக்கும் வேலை என்று வரும்போதுதான் இடிக்கிறது. 2024-ல் பள்ளிக் கல்வித்துறை ஒரு பெரிய காரியத்தில் இறங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெற்றோரின் செல்போன் எண்களைத் திரட்டி, சரிபார்த்து, வாட்ஸ்அப் மூலம் துறையின் திட்டங்களை நேரடியாகத் தெரிவிப்பது என்று ஏற்பாடு. எண் சரிதானா என்று பார்க்க பெற்றோருக்கு ஓ.டி.பி. போகும். அதை வாங்கிக் கணினியில் ஏற்ற வேண்டியது ஆசிரியர் பொறுப்பு.

யோசித்துப் பாருங்கள். 'யார் கேட்டாலும் ஓ.டி.பி.யைச் சொல்லாதே' என்று பேங்க்கிலிருந்து போலீஸ் வரை வருடக்கணக்கில் கத்தி, அது இப்போதுதான் ஜனங்கள் மனதில் பதிந்திருக்கிறது. இந்த நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து போன்: 'அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க.' பலர் தயங்கினார்கள். ஆசிரியர்கள் திண்டாடினார்கள்.

தயங்கியவர்களைப் பட்டிக்காடு என்று சிரிக்கவும் முடியாது. மத்திய அரசின் 'திக்‌ஷா' செயலியின் தகவல்கள் சரியான பூட்டுப் போடாத ஒரு சர்வரில் கிடந்தன என்பது 2023 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள், கிட்டத்தட்ட ஆறு லட்சம் மாணவர்கள் பற்றிய விவரங்கள்! எண்ணைக் கேட்பவர்கள், அதை எப்படிப் பாதுகாப்பார்கள் என்று சொல்லிவிட்டல்லவா கேட்க வேண்டும்?

அதைவிட எனக்கு உறுத்துவது, ஒரு கோடிப் பெற்றோருக்குச் செய்தி அனுப்புவது ஏற்பாட்டின் முதல் பாதிதான் என்பது. ஒரு கோடியில் ஆயிரம் பேர் பதில் அனுப்பினால் அதை யார் படிப்பார்? எத்தனை நாளில் பதில் வரும்? அந்த இரண்டாவது பாதிக்குத்தான் பணமும் ஆளும் வேண்டும். எல்லாத் திட்டங்களும் அந்த இடத்தில்தான் மூச்சு வாங்குகின்றன.

*

வாட்ஸ்அப் குழுக்களுக்கு வருவோம். 'அட்மின் மட்டும்தான் எழுதலாம்' என்ற வசதியை 2018-ல் வாட்ஸ்அப் கொண்டுவந்தது. பள்ளிக்கூடங்கள் அதைத் தீபாவளி போனஸ் மாதிரி வாரி அணைத்துக்கொண்டன. இன்று பெரும்பாலான வகுப்புக் குழுக்களில் நாம் பார்வையாளர்கள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாம், அவ்வளவுதான்.

இதைப் பற்றி எங்கள் தெருவில் இருக்கிற ஒரு டீச்சரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார். "சார், ஒரு மாசம் எல்லாரும் எழுதலாம்னு திறந்து விட்டேன். காலையில நாற்பது குட்மார்னிங், ரோஜாப்பூ படத்தோட. நடுவுல ரெண்டு கட்சிச் சண்டை. ராத்திரி பதினொண்ணு முப்பதுக்கு ஒரு அப்பா, 'மிஸ், என் பையன் கணக்கு நோட்டைக் காணோம், பக்கத்து பெஞ்சுப் பையன் எடுத்திருப்பான்'னு போடுறார். அந்தப் பக்கத்து பெஞ்சுப் பையனோட அம்மாவும் அதே குரூப்ல இருக்காங்க. அப்புறம் விடிய விடிய யுத்தம். எனக்கும் வீடு இருக்கு, எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நான் எப்ப தூங்குறது?"

நியாயம்தான். பதில் சொல்ல வாயில்லாமல் நின்றேன். ஏற்கெனவே எமிஸ் இணையதளத்தில் தகவல் ஏற்றியே மாய்ந்து போகிறோம் என்று அரசுப் பள்ளி ஆசிரியர் சங்கங்கள் வருடக்கணக்கில் குரல் கொடுத்துவருகின்றன. அவர்கள் தலையில் நாற்பது பெற்றோரின் நள்ளிரவுக் கவலைகளையும் ஏற்றுவது அநியாயம்.

ஆக, கதவை அகலத் திறந்தால் சந்தைக்கடை. இறுக மூடினால் ஒலிபெருக்கி. நடுவில் ஒரு ஜன்னல் வைக்க நமக்குத் தெரியவில்லை. அந்த ஜன்னல் இல்லாததால் என்ன குடிமுழுகிவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

*

முடிச்சூர் தெரியுமில்லையா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் டி.வி.யில் பார்த்த அதே முடிச்சூர். அதற்கு மூன்று வருடம் முன்பு, 2012 ஜூலை 25 அன்று, தாம்பரம் பகுதியைச் சேர்ந்த ஒரு தனியார் பள்ளியின் பஸ் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள்.

ஊரே கொதித்தது. ஜனங்கள் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த வருடமே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறையில் ஸ்கூல் பஸ்களை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதனை போடுகிற படம் பேப்பரில் வருகிறதல்லவா, அதன் பின்னால் இருப்பது அந்தக் குழந்தை.

2022 மார்ச்சில் ஆழ்வார்திருநகரில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இறந்தான். அதே வருடம் விதிகளைத் திருத்தி, பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமரா, பின்பக்கம் சென்சார் கட்டாயம் என்றார்கள். தொழில்நுட்பம் சரியான இடத்தில் போய் உட்கார்ந்ததற்கு இது உதாரணம். டிரைவர் கண்ணுக்குத் தெரியாததை அது காட்டும்.

ஆனால் நான் அந்தத் தரை ஓட்டையை விட்டு நகர முடியாமல் நிற்கிறேன். அதைப் பார்த்திருக்கக் கூடியவர்கள் யார்? டிரைவரையும் மெக்கானிக்கையும் சோதனை அதிகாரியையும் விடுங்கள். தினமும் அதன் பக்கத்தில் கால் வைத்து ஏறி உட்கார்கிற பிள்ளைகள். அவர்கள் உயரத்துக்குத் தரை ரொம்பக் கிட்டே இருக்கிறது.

இப்போது என் செல்போனில் என் மகளின் பஸ் ஒரு மஞ்சள் புள்ளியாக நகர்கிறது. சேலையூர் தாண்டிவிட்டது, கேம்ப் ரோட்டில் நிற்கிறது, இன்னும் ஆறு நிமிடத்தில் வீட்டு வாசல். அருமையான வசதி. என் மனைவி அதைப் பார்த்துத்தான் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறார். பஸ் எங்கே இருக்கிறது என்று எனக்கு நொடிக்கு நொடி தெரியும். பஸ் எப்படி இருக்கிறது என்று தெரியாது.

அந்த ஆப் முழுவதையும் துழாவிவிட்டேன். ஃபீஸ் கட்ட பட்டன் இருக்கிறது. யூனிஃபார்ம் வாங்க பட்டன் இருக்கிறது. 'தரையில் ஓட்டை இருக்கிறது' என்று ஏழு வயசுப் பிள்ளையோ அதன் அப்பாவோ சொல்வதற்கு ஒரு பட்டன் இல்லை.

*

பிள்ளைகள் சொல்ல இடமில்லாதது தரை ஓட்டை மட்டுமில்லை.

2021 மே மாதம். கொரோனா காலம். எல்லாப் பள்ளிக்கூடமும் ஆன்லைனில். பிள்ளையும் பள்ளியும் பெற்றோரும் அதற்கு முன் எந்தக் காலத்திலும் அவ்வளவு 'இணைந்து' இருந்ததில்லை. ஒரே அறையில், ஒரே திரையில். அந்தச் சமயத்தில்தான் சென்னையின் பிரபலமான பள்ளி ஒன்றில், ஆசிரியர் ஒருவர் மாணவிகளிடம் தவறாக நடந்துகொள்கிறார் என்ற புகார் வெடித்தது. அவர் கைதானார். சரி, புகார் எந்த வழியாக ஊருக்குத் தெரிந்தது? பள்ளியின் ஆப் வழியாக இல்லை. இன்ஸ்டாகிராம் வழியாக. படிப்பதற்கென்று கொடுத்த அத்தனை கருவிகளிலும் அந்தப் பெண்களுக்கு நம்பிப் பேச ஓர் இடம் இல்லை. கூத்தடிப்பதற்கு என்று நாம் திட்டுகிற கருவியில்தான் அந்த இடம் கிடைத்தது.

அதன்பிறகு அரசு ஆன்லைன் வகுப்புகளுக்கு விதிமுறைகள் போட்டது. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்தார்கள். சாதாரணப் பெட்டி. சீட்டு எழுதிப் போடலாம். 14417 என்ற பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகளுக்கான உதவி எண்ணும் இருக்கின்றன. உங்கள் பிள்ளைக்கு இந்த இரண்டு எண்களும் மனப்பாடமா? என் மகளுக்கு இல்லை. என் ஏ.டி.எம். பின் நம்பர் தெரியும்!

*

இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. போனே இல்லாத வீடுகள்.

எங்கள் தென்புறத்திலேயே பெரும்பாக்கம், செம்மஞ்சேரி அடுக்குமாடிகள் இருக்கின்றன. நகரத்துக்குள் இருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைக்கப்பட்ட ஜனங்கள். ஓ.எம்.ஆர். பக்கம் கட்டடங்களில் வெளிமாநிலத் தொழிலாளர்கள். இப்படிப்பட்ட வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தால் ஒன்று இருக்கும். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் திரும்பிவரும். 'நாளைக்குச் சார்ட் பேப்பர் கொண்டுவரவும்' என்ற செய்தியை, கடை மூடியபின் பிள்ளை படிக்கும். மறுநாள் 'குரூப்ல போட்டேனே, பார்க்கலையா?' என்று கேள்வி.

கொரோனா இந்த உண்மையை முகத்தில் அடித்து உணர்த்தியது. அதனால்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தபோது எனக்குப் பிடித்தது. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. செயலி தேடி வரச் சொல்லவில்லை. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள், சாயந்திர வேளையில் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார்கள். அதற்கும் பின்னால் கணினி இருந்தது. தன்னார்வலர் பதிவெல்லாம் இணையத்தில்தான். ஆனால் கணினி பின்னால் இருந்தது, மனுஷி முன்னால் இருந்தார். அந்த வரிசைதான் முக்கியம்.

*

என்னதான் செய்யலாம்? குறை சொல்கிறவன் வழியும் சொல்லவேண்டும் என்பது பத்திரிகை தர்மம்.

சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 2009-ம் வருட கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களைத் தூசு தட்டி மறுபடி அமைத்தார்கள். கூட்டத்தில் போடுகிற தீர்மானங்களைப் பெற்றோருக்கான ஒரு செயலியில் ஏற்றுகிறார்கள். கழிப்பறைக் கதவு உடைந்திருக்கிறது என்று ஓர் அம்மா சொன்னால், அது சம்பந்தப்பட்ட இலாகா வரை பதிவாகப் போகும். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் வரவுப் பக்கம் என்று ஒன்று அங்கே இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிரிவு அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தாது. பணமே கட்டாத பெற்றோருக்குக் கேள்வி கேட்கச் சட்டம் இருக்கிறது. லட்சக்கணக்கில் கட்டுகிற நமக்கு நட்சத்திரம் போட ஒரு பக்கம் இருக்கிறது.

அதனால் தனியார் பள்ளிகளிடம் நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயங்கள். புது ஆப் வேண்டாம், செலவும் வேண்டாம். ஒன்று: வரும் செய்தி ஒவ்வொன்றின் அடியிலும் பதில் சொல்ல ஓர் எண், அதைப் படிக்கிற ஒரு மனிதர். அவர் ஆசிரியராக இருக்கக் கூடாது. அலுவலகத்தில் தனி ஆள். இரண்டு: வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் மட்டும் வகுப்புக் குழுவைத் திறந்துவிடுங்கள். ரோஜாப்பூ போடுகிறவரை நாங்களே கவனித்துக்கொள்கிறோம். மூன்று: பாதுகாப்பு பற்றி வந்த புகார் எத்தனை, சரிசெய்தது எத்தனை என்று மாதம் ஒரு முறை எழுதிப் போடுங்கள். போர்டு எக்ஸாமில் நூற்றுக்கு நூறு எத்தனை பேர் என்று பேனர் கட்டுகிறீர்களே, அதில் ஓர் ஓரம் போதும். நான்கு: பிள்ளை தானே எழுதிப் போட ஒரு பெட்டி. தகரப் பெட்டியாக இருந்தாலும் சரி.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கவேண்டும். ஜன்னல் திறந்தால் அதில் நாம் என்ன பேசப்போகிறோம்? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏன் இரண்டு மார்க் அதிகம் என்றுதானே? பள்ளிக்கூடங்கள் கதவைச் சாத்தியதில் நம் பங்கும் உண்டு.

என் மகளுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பள்ளிக்குக் கிளம்பும்போது, "அப்பா, லீவ் லெட்டர்?" என்றாள். "அதான் ஆப்ல போட்டாச்சேம்மா" என்றேன். "இல்லப்பா, மிஸ் பேப்பர்ல கேப்பாங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். சாயந்திரம் அந்தக் காகிதம் திரும்பி வந்தது. கீழே சிவப்பு மையில் ஒரு வரி: 'இரண்டு நாளைக்கு விளையாட்டு பீரியட் வேண்டாம், சுடுதண்ணீர் கொடுத்தனுப்பவும்.' மிஸ்ஸின் கையெழுத்து.

அதைப் பார்த்த ராத்திரி அவளிடம் மார்க் பற்றிக் கேட்கவில்லை. "உன் பஸ்ல ஏதாச்சும் உடைஞ்சிருக்காம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணாவது சீட்டுல ஒரு கம்பி நீட்டிக்கிட்டிருக்குப்பா. எல்லார் ஸ்கர்ட்டும் கிழியும். ரொம்ப நாளா" என்றாள்.

ரொம்ப நாளாக. நாங்கள் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை பஸ் வந்தபோது நானே ஏறிப் பார்த்து, டிரைவரிடம் காட்டினேன். "பார்க்கிறேன் சார்" என்றார். ஒரு வாரத்தில் கம்பி போய்விட்டது.

இன்று ராத்திரி உங்கள் வீட்டிலும் அதைக் கேட்டுப் பாருங்கள்.